நூலகத்தில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

பொது நூலகங்கள் பெரியவர்களுக்கு அளிக்கும் சேவைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். சேவைகளும் விதிகளும் நூலகத்துக்கு நூலகம் வேறுபடும் என்பதால், இங்கே சொல்லப்படுவதை உங்கள் நூலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். நாள்தோறும் நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படித்துவிட்டு வருகிறேன். அறிவிப்புப் பலகை முழுவதும் கதை நேரம், ஓவியப் போட்டி என்று சிறுவர்களுக்கான நிகழ்ச்சிகளே நிறைந்திருக்கின்றன. என் வயதினருக்குச் செய்தித்தாளும் நாற்காலியும் தவிர வேறு ஏதாவது உண்டா?

பதில்: நிறைய உண்டு. ஆனால் அவற்றுள் மிகப் பயனுள்ளது எந்த அலமாரியிலும் இல்லை. நூலகரிடம் கேள்வி கேட்கலாம் என்கிற உரிமைதான் அது. வருகிறவர் தேடுவதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் நூலகப் பணியின் பகுதியே என்ற கருத்து, நூலகங்களின் நீண்ட வரலாற்றில் சற்றுப் பிந்தியே வலுப்பெற்றது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய சாமுவேல் கிரீன், 1876இல் நூலகர்கள் மாநாட்டில் அளித்த கட்டுரையில் இதை வலியுறுத்தினார். இன்று குறிப்புதவிச் சேவை என்று வழங்கப்படுவதன் தொடக்கங்களுள் ஒன்றாக அக்கட்டுரையைச் சொல்வார்கள். எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அப்படியிருக்க, அலமாரிகளுக்கு நடுவே அரைநாள் தனியே அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதை ஒரு கண்ணியமாக நினைக்கும் பெரியவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

கேட்கும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'சட்டப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?' என்று கேட்டால் நூலகர் கையால் திசை காட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். 'உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து யாருக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்' என்று தேவையையே சொன்னால், அவர் எழுந்து வந்து சரியான சட்டத்தையும் அதற்கு எளிய விளக்கம் தரும் நூலையும் எடுத்துக் கொடுப்பார். எதற்காகத் தேடுகிறீர்கள், எவ்வளவு விரிவாக வேண்டும், எந்த மொழியில் படிப்பீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால் அது துருவல் அன்று; அவருக்குத் தொழிலில் கற்றுக்கொடுக்கப்பட்ட முறை. ஒரு வரம்பையும் அறிந்திருப்பது நல்லது: சட்டத்திலும் மருத்துவத்திலும் அவர் நம்பத்தக்க ஆதாரங்களைக் காட்டுவார், என்ன செய்ய வேண்டும் என்று ஆலோசனை சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

இவை தவிர, வாசகர் வட்டம், சொற்பொழிவு, திரையிடல், புதிய மொழி பேசிப் பழகும் குழு, உள்ளூர் வரலாற்று ஆவணங்கள், கூட்டம் நடத்த இடம் எனப் பெரிய நூலகங்களில் பல வசதிகள் இருக்கின்றன. ஹெல்சிங்கியில் 2018இல் திறக்கப்பட்ட ஊடி மைய நூலகத்தில் தையல் இயந்திரங்களும் முப்பரிமாண அச்சுப்பொறிகளும்கூட வாசகர்களின் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்டுள்ளன. சிறு நூலகத்தில் அவ்வளவும் இராது. ஆனாலும் உங்கள் வயதினருக்கென்று ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், அதைப் பொருட்படுத்தாத நூலகர்கள் குறைவு.

கேள்வி: எனக்கு வேண்டிய நூல் எங்கள் நூலகத்தில் எப்போதும் இருப்பதில்லை. உறுப்பினராக நீடிப்பதில் பொருள் உண்டா?

பதில்: 'இல்லை' என்பதற்குள் மூன்று நிலைகள் அடங்கியிருக்கின்றன. நூல் இருந்து, வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தால் முன்பதிவு செய்யலாம். அந்த நூலகத்திலேயே இல்லாவிட்டால், நூலகங்களுக்கு இடையேயான இரவல் என்னும் ஏற்பாட்டின்படி வேறொரு நூலகத்திலிருந்து வரவழைக்கக் கேட்கலாம். எங்கும் கிடைக்காதபோது, வாங்குமாறு பரிந்துரைக்கலாம். மூன்றிலுமே நூலின் விவரத்தைத் துல்லியமாகக் கொடுப்பது பாதி வேலையை முடித்துவிடும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆகியவற்றோடு சர்வதேசத் தர நூல் எண்ணையும் (ISBN) எழுதிக் கொடுங்கள். 2007 முதல் அது 13 இலக்கங்கள் கொண்டது. அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கங்கள் இருக்கும்.

நான்காவது நிலையும் ஒன்று உண்டு: நூல் அங்கேயே இருக்கும், நீங்கள் தேடும் இடத்தில் இராது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை அறிவுத்துறைகளை எண்களால் பிரிக்கிறது. நீங்கள் ஒரே பொருள் என்று நினைப்பதை அது இரண்டாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வைத்துவிடும். நீரிழிவு நோயைப் பற்றிய மருத்துவ நூல் 616க்குள் இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கான சமையல் நூல் 641க்குப் போய்விடும். தமிழ் இலக்கியத்துக்கு அம்முறை ஒதுக்கியிருக்கும் எண் 894.811. ஆகவே அலமாரியை மட்டும் நம்பாமல், நூலகத்தின் கணினிப் பட்டியலில் பொருட்சொல்லை இட்டுத் தேடிவிட்டு, பிறகு அலமாரிக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நூலகச் செயலியில் ஒரு மின்னூலைக் கேட்டால், காத்திருப்போர் வரிசையில் பல பேருக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறது. கணினிக் கோப்புக்கு எதற்கு வரிசை? நொடியில் நகலெடுத்துக் கொடுத்துவிடலாமே?

பதில்: தொழில்நுட்பத்தின்படி கொடுக்கலாம்; ஒப்பந்தத்தின்படி கொடுக்க முடியாது. அச்சு நூலை வாங்கும் நூலகம் அதற்கு உடைமையாளர் ஆகிவிடுகிறது. அட்டை கிழியும்வரை இரவல் கொடுக்கலாம், பழையதானால் விற்றும் விடலாம். மின்னூலில் நூலகம் பெறுவது பெரும்பாலும் உரிமம் மட்டுமே. ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்பது அதன் வழக்கமான நிபந்தனை. எனவே ஐந்து உரிமங்கள் இருந்தால் ஐந்து பேர் படிப்பார்கள், ஆறாமவர் காத்திருப்பார்.

உரிமத்துக்கு ஆயுளும் உண்டு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்கு விற்கும் தன் மின்னூல் உரிமம் 26 இரவல்களோடு முடிந்துவிடும் என்று அறிவித்தபோது நூலகர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. வேறு சில பதிப்பகங்கள் எண்ணிக்கைக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் வரம்பு வைக்கின்றன. தேய்மானமே இல்லாத பொருளுக்குத் தேய்மானத்தை ஒப்பந்தத்தால் உண்டாக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆயினும் எல்லையற்ற இரவலால் தங்கள் விற்பனை படுத்துவிடும் என்று பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் அஞ்சுவதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உங்களுக்கு நடைமுறையில் உதவக்கூடியவை: முன்பதிவு செய்துவிட்டு வேறு நூலைத் தொடங்குங்கள்; படித்து முடித்ததும் தவணைக்குக் காத்திராமல் உடனே திருப்பி அளியுங்கள், வரிசை நகரும். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களுக்கு வரிசையே இல்லை. 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் போன்றவை அவற்றை யாருக்கும் இலவசமாக வழங்குகின்றன.

கேள்வி: இதை என் மகள் எழுதுகிறாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. நூலகத்தில் பெரியவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உள்ளே போகவே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். எழுத்தறிவுப் பணியில் பங்கேற்பதும், தேவைப்பட்டால் தானே தொடங்குவதும் பொது நூலகத்தின் கடமைகளுள் ஒன்று என்று யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1994இலேயே சொல்லியிருக்கிறது. எல்லா அகவையினரும் அதற்கு உரியவர்கள். உங்கள் நூலகத்தில் வகுப்பு இல்லாவிட்டாலும், அருகில் எங்கே நடக்கிறது என்பதை அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள்.

பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறையும் வேறு. நன்றாக நடத்தப்படும் வகுப்பில் குழந்தைகளின் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ ஃப்ரெய்ரே 1960களில் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் எழுத்தறிவித்தபோது, அவர்கள் நாள்தோறும் தொழிலிலும் வீட்டிலும் புழங்கிய சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். அந்த வழியில், பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், மகளின் பள்ளியிலிருந்து வரும் கடிதம் என உங்களுக்கு எது முதலில் வேண்டுமோ அதையே முதல் பாடமாகக் கேளுங்கள். பெரியவர்களின் வாழ்க்கையைப் பேசும், ஆனால் எளிய சொற்களில் எழுதப்பட்ட நூல்களும் உண்டு; சுவீடனில் 1968 முதல் அப்படிப்பட்ட நூல்களைத் தனியே வெளியிட்டு வருகிறார்கள்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று. யார் எதைக் கேட்டார், எதைப் படிக்கிறார் என்பதை வெளியே சொல்லாமலிருப்பது நூலகர்கள் தங்கள் தொழில் ஒழுக்கமாகக் கொண்டிருக்கும் நெறி. கூட்டம் குறைவான நேரம் எது என்று உங்கள் மகள் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து போங்கள். வகுப்பில் நான்கு பேருக்கு நடுவே உட்காரத் தயக்கமிருந்தால், ஒரே ஆசிரியர் தனியே சொல்லித் தரும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

கேள்வி: என் தாயாருக்குப் பார்வை மங்கிவருகிறது, கைநடுக்கமும் உண்டு. வாழ்நாள் முழுவதும் படித்தவர், இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பதில்: பார்வை ஓரளவு இருக்கும்வரை பெரிய எழுத்து நூல்கள் போதும். வழக்கமான நூல்களின் எழுத்தளவு 10 முதல் 12 புள்ளிகள் என்றால், இவற்றில் 16 அல்லது 18 இருக்கும். அவை கனமாக இருக்கக்கூடும் என்பதால், கைநடுக்கமுள்ளவருக்கு எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளக்கூடிய மின்னூலோ ஒலிநூலோ வசதியாக இருக்கும். டெய்சி என்னும் வடிவத்தில் பதிவான ஒலிநூல்களில், சாதாரணப் பதிவைப் போல முன்னும் பின்னும் ஓட்டித் தேடாமல், வேண்டிய அத்தியாயத்துக்கோ பக்கத்துக்கோ நேரே செல்லலாம்.

2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் சேர்ந்துள்ள நாடுகளில், இத்தகைய வாசகர்களுக்கென நூல்களைப் பிரெய்லிலோ ஒலியிலோ மாற்றுவதற்கும் பிற உறுப்பு நாடுகளோடு பரிமாறிக்கொள்வதற்கும் காப்புரிமையாளரிடம் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியதில்லை. பார்வையற்றவர்கள் மட்டுமல்லாமல், உடற்குறையால் நூலைப் பிடிக்கவோ பக்கத்தைப் புரட்டவோ இயலாதவர்களும் இதில் அடங்குவார்கள். ஆகவே உங்கள் தாயார் இரு வகையிலும் தகுதி பெறக்கூடும். நூல்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் சேவை உண்டா என்றும் கேளுங்கள்.

கேள்வி: வேலை தேடுகிறேன், வீட்டில் கணினி இல்லை. நூலகக் கணினியில் விண்ணப்பம் அனுப்புவது பாதுகாப்பானதா?

பதில்: கவனமாக இருந்தால் அனுப்பலாம். கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, பதிவிறக்கிய கோப்புகளை அழித்துவிடுங்கள். அச்சுப்பொறியில் தன்விவரக் குறிப்பை மறந்துவிட்டுப் போகிறவர்கள் அநேகம், அதையும் பாருங்கள். வங்கிக் கணக்கு தொடர்பானவற்றைப் பொதுக் கணினியில் செய்யாமலிருப்பதே நல்லது. கணினியே புதிது என்றால், அடிப்படைப் பயிற்சி வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். விண்ணப்பத்தை அனுப்புமுன் யாராவது ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது. வேலை தேடுவோருக்கு இந்த உதவியையும் செய்யும் நூலகங்கள் உண்டு.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த நூல் ஒன்று இன்னும் என்னிடமே இருக்கிறது. தாமதக் கட்டணத்தை நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை.

பதில்: உங்களைப் போன்றவர்களை மனத்தில் கொண்டுதான் பல நூலகங்கள் தாமதக் கட்டணத்தையே கைவிட்டிருக்கின்றன. சிகாகோ பொது நூலகம் 2019இல் அதை நீக்கியபோது, நெடுங்காலமாக வெளியே இருந்த நூல்கள் திரும்பி வரத் தொடங்கின. உங்கள் நூலகத்தில் கட்டணம் இன்னும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், நீங்கள் கற்பனை செய்துகொண்டிருப்பது போல ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே போகாது. நூலை எடுத்துக்கொண்டு நேரே போய், தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். பக்கங்கள் கிழிந்திருந்தால் வீட்டில் ஒட்டுநாடா போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். அதன் பசை நாளடைவில் தாளைக் கெடுத்துவிடும்.