கோர்ட் படி ஏறாமல் சொத்துத் தகராறைத் தீர்க்கலாமா? பெங்களூரு தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

சொத்துத் தகராறுகளில் சமரசம் பேசி வைக்கும் வழக்கறிஞர் என்பதால், நம் ஊர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

செல்வி, ஸ்ரீராமபுரம்: சார், அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் இல்லை. "உனக்குத்தான் நகை போட்டாச்சே, கையெழுத்துப் போடு" என்று இரண்டு அண்ணன்களும் நெருக்குகிறார்கள். கேஸ் என்று போனால் பிறந்த வீட்டு உறவே அறுந்துவிடும் என்று அம்மா அழுகிறார்.

பதில்: இன்றைக்குப் போட வேண்டாம்மா. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தகப்பன் காலமானால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. நீங்கள் நால்வர் மட்டுமே வாரிசு என்றால் நாலில் ஒன்று உங்களுடையது. கல்யாணத்தில் போட்ட நகை அதைக் கழிக்காது. இதை நீங்களே சொன்னால் சண்டையாகும். தாய்மாமன் மாதிரி இரண்டு பக்கமும் மதிக்கிற ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டை அண்ணன்களே வைத்துக்கொள்ள நினைத்தால், உங்கள் பங்குக்கு ஒரு தொகை பேசுங்கள். பணம் வரும் அன்றே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதியலாம். உறவுக்காக விட்டுக்கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள், அவ்வளவுதான்.

"பதிவெல்லாம் எதற்கு, ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்" என்பார்கள். வாய்மொழியாக முன்பே முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காகப் பின்னால் குறித்துவைத்தால் பதிவு தேவையில்லை என்று 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தாளே பங்கைப் பிரிக்கிறது என்றால் பதிவு கட்டாயம். பிறகு காத்தா (வரிக்கான சொத்துப் பதிவு) மாற்றும்போதோ விற்கும்போதோ அந்தத் தாளை யாரும் ஏற்க மாட்டார்கள். முத்திரைத்தாள் செலவைப் பார்க்காமல் பதிந்துவிடுங்கள்.

முருகேஷ், ஆனேக்கல்: 20 குண்டே (அரை ஏக்கர்) நிலம். பக்கத்துக்காரர் வேலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார். நல்லபடியாகப் பேசிப் பார்க்கலாமா அண்ணா?

பதில்: அளக்காமல் பேசாதீர்கள். எல்லையை அளந்து காட்டும்படி சர்வே துறைக்கு 'ஹத்துபஸ்து' விண்ணப்பம் கொடுங்கள். சர்வேயர் வரும் அன்று பக்கத்துக்காரரும் கூட நிற்கட்டும். பாதிச் சண்டை கல் நட்டதும் அடங்கிவிடும். மீதிக்கு, வரைபடத்தோடு ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இடம் கை மாறுகிறது என்றால் அதையும் பதிய வேண்டும்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: நீங்கள் வாய்ப்பேச்சு பேசிக்கொண்டிருப்பதற்காகக் காலக்கெடு நிற்காது. ஒருவர் உங்கள் நிலத்தைத் தன்னுடையது என்று 12 ஆண்டு வெளிப்படையாக அனுபவித்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். பேசுங்கள், ஆனால் வருடக் கணக்கையும் பாருங்கள்.

பெயர் வேண்டாம், விவேக்நகர்: மாத வாடகைக்குப் பதில் 8 லட்சம் மொத்தமாகக் கொடுத்து லீஸுக்கு இருக்கிறோம். காலம் முடிந்தும் ஓனர் பணம் தரவில்லை.

பதில்: சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். சாவியும் பணமும் ஒரே நாளில் கை மாறட்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேஸ் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். அவர்கள் ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிடுவார்கள். கட்டணம் இல்லை. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். வரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் கட்டாயப்படுத்த வழியில்லை. வந்து, தவணையில் தருகிறேன் என்றால் தேதிகளோடு எழுதி லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாக வாங்குங்கள். சிவில் கோர்ட் டிக்ரி போலவே அதை நிறைவேற்றலாம். வங்கி வழியாகப் பணம் போன ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

தனலட்சுமி, அல்சூர்: வீட்டை மகன் பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறு போடவும் ஆளில்லை.

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் இதற்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது; அசிஸ்டெண்ட் கமிஷனர் ஆபீசில் மனு கொடுங்கள். சமரச அதிகாரி வழியாக மகனைக் கூப்பிட்டுப் பேசவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால் 23ஆம் பிரிவில் தானத்தையே ரத்து செய்யலாம். பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். இன்னும் எழுதிக் கொடுக்காத பெரியவர்கள் அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுக்கவே கூடாது.

குமார், ஃப்ரேசர் டவுன்: ஏரியா ஆள் ஒருவர் மிரட்டி வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்.

பதில்: அதற்குப் பெயர் சமரசம் இல்லை. மிரட்டி வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். உடனே எழுத்தில் போலீஸ் புகார் கொடுங்கள், வக்கீல் நோட்டீஸும் அனுப்புங்கள். நாள் தள்ளினால் சம்மதித்ததாகப் பேசுவார்கள்.

ரவி, காக்ஸ் டவுன்: பாகப்பிரிவினை கேஸ் வருடக்கணக்காக நடக்கிறது. இனிச் சமரசம் முடியுமா?

பதில்: தாராளமாக. நீதிபதியிடம் கேட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவின்படி சமரச மையத்துக்கு அனுப்புவார். 2007 முதல் பெங்களூரில் உயர் நீதிமன்ற மேற்பார்வையில் அப்படியொரு மையம் நடக்கிறது. அங்கே பேசியதைப் பின்னால் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. லோக் அதாலத்தில் முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். ஆனால் அதன்மீது அப்பீல் கிடையாது. கேஸில் இல்லாத சொத்தை ராஜி மனுவில் சேர்த்தால் அதைத் தனியாகப் பதிய வேண்டிவரும். கையெழுத்துக்கு முன் சொத்து விவர அட்டவணையை வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.