கிரோன் நோயுள்ள பிள்ளைக்குப் பயாலஜிக் மருந்தைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: 11 வயது மகனுக்குக் கிரோன் நோய், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி. ஸ்டீராய்டைக் குறைத்தாலே வயிற்றுவலி திரும்புகிறது. மருத்துவர் இன்ஃப்ளிக்சிமாப் என்ற பயாலஜிக் மருந்தை (உயிரணுக்களைக் கொண்டு தயாரிப்பது) தொடங்கச் சொல்கிறார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் பயமாக இருக்கிறது. ஓரிரு வருடம் தள்ளிப்போடலாமா?

நானும் தள்ளிப்போட்டவள்தான்.

என் மகளுக்கு நோய் தெரிந்தபோது வயது பத்து. ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே வலி போனது, பசி வந்தது, கன்னம்கூட உப்பியது. இனி எதற்கு வேறு மருந்து என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். குறைத்தால் வலி, கூட்டினால் நிம்மதி என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம். என் கண்ணைத் திறந்தது ஒரு சீருடைப் பாவாடை. வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று அடியில் மூன்று விரல் அகலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தேன். அடுத்த வருடமும் அதே பாவாடை, அதே மடிப்பு. துணி வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

குடலில் அழற்சி ஓயாமல் இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் சுரந்தும் சரியாக வேலை செய்யாது. ஸ்டீராய்டு தன் பங்குக்கு எலும்பு வளர்ச்சியை அடக்கும். பருவம் முடிந்து எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொண்டால், இழந்த உயரம் இழந்ததுதான். பெரியவர்களுக்கு இல்லாத இந்தக் கெடு பிள்ளைகளுக்கு உண்டு. உங்கள் மகனின் 11 வயதில் ‘ஓரிரு வருடம்’ என்பது சின்னக் கணக்கில்லை.

மருந்து புதிதும் இல்லை. 6 வயதுக்கு மேற்பட்ட கிரோன் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் இன்ஃப்ளிக்சிமாபை 2006-லேயே அனுமதித்தார்கள், அதே வகையைச் சேர்ந்த அடலிமுமாபை 2014-ல். முதலாவது டிரிப்பில் ஏறுவது: வழக்கமாகக் கிலோவுக்கு 5 மி.கி., தொடக்கத்தில் ஒன்று, 2-வது வாரம், 6-வது வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் வீட்டிலேயே போடும் ஊசி. இரண்டுமே டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்து மடக்குபவை.

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். காசநோய்க் கிருமி உடம்பில் ஒளிந்திருந்தால், அதைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் எழுப்பி அடைத்து வைக்கிறது. அந்தச் சுவர் நிற்க டிஎன்எஃப் வேண்டும். அதனால்தான் முதல் டிரிப்புக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், ஹெபடைட்டிஸ் பி-யும் பார்ப்பார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மருந்து தொடங்கியபின் போட முடியாது. விட்டுப்போனது இருந்தால் இப்போதே கேளுங்கள். அதற்காகச் சில வாரம் காத்திருந்தால் அது நியாயமான தாமதம். மகன் என்பதால் இன்னொன்று: கல்லீரல், மண்ணீரலைத் தாக்கும் மிக அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய், இந்த மருந்தோடு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் என்ற துணை மருந்தையும் சேர்த்து எடுத்த இளம் ஆண்களிடம்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. துணை மருந்து தேவையா, தேவையென்றால் அதற்குப் பதில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து சரிவருமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இடைப்பட்ட நாளைக் கடத்தத்தான் வேண்டுமென்றால், மறுபடி ஸ்டீராய்டுக்குப் பதில் 6 முதல் 8 வாரம் முழுக்கத் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுக்கும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளிடம் அது ஸ்டீராய்டுக்கு இணையாக அழற்சியை அடக்குகிறது, வளர்ச்சியைக் கெடுப்பதில்லை. ஆனால் மலவாய் அருகே ஃபிஸ்டுலா (குடலிலிருந்து தோலுக்குத் திறக்கும் புண்வழி) இருந்தால் இப்படிக் காத்திருக்கும் பேச்சே வேண்டாம்.

எங்கள் வீட்டில் மருந்து தொடங்கி எட்டாவது மாதம் அந்த மடிப்பைப் பிரித்தேன். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புத்தம்புதிதாக, கருநீலமாக இருந்தது. கால் முழுக்க இரண்டு நிறமாகத் தெரிகிறது என்று அவள் அதைப் போட மறுத்துவிட்டாள்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஒரு வருடம் கழித்து, எட்டு வாரம் ஆகுமுன்பே ஆறாவது வாரத்தில் வலி எட்டிப்பார்த்தது. மருந்து தோற்றுவிட்டது என்று நான் அழுதே விட்டேன். அடுத்த டிரிப்புக்குச் சற்று முன் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். குறைவாக இருந்தது, மருந்தை எதிர்க்கும் ஆன்டிபாடி இல்லை. இடைவெளியை ஆறு வாரமாக்கியதும் சரியானது. எடை குறைந்த பிள்ளைகளின் உடம்பு இந்த மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதனால் மருந்தை மாற்றும் பேச்சு வந்தால் முதலில் ‘அளவு பார்த்தாச்சா?’ என்று கேளுங்கள். வலி இல்லையே என்று மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். வலியில்லாமலும் குடல் புண்ணாகிக்கொண்டிருக்கும்.

டிரிப் நாளுக்குச் சில குறிப்புகள். மரத்துப்போகும் களிம்பைக் குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே பூசிவிட்டால் பாதி அழுகை குறையும். மருந்து ஏறும்போது தொண்டை இறுகினாலோ, தடிப்பு வந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே செவிலியரிடம் சொல்ல மகனைப் பழக்குங்கள். அன்று காலை காய்ச்சல் இருந்தால் கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் போய், மருந்து ஏற்றாமலே திரும்பி வந்தோம்.