ஒரு சதுர மீற்றர் காடு

வணக்கம் ஐயா,

திருகோணமலையில் தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஓகஸ்ட்டில் 35 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கன்னியா வெந்நீரூற்று, காடு, புறாமலைத் தீவு மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று பஸ் பேசியிருக்கிறோம். காட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் வரும். அதற்குள் எதைக் காட்டுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

கன்னியாவையும் புறாமலையையும் வேறொரு நாளுக்கு வையுங்கள். காட்டுக்குள்ளும் நடந்து திரிய வேண்டாம். ஓரிடத்தில் பிள்ளைகளை இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து பார்க்க விடுங்கள்.

ஐந்து பேராக ஏழு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். நாலு முளை, நாலரை மீற்றர் கயிறு, அடிமட்டம், கைவில்லை, பென்சில் போதும். நாலு குழு பாலை, வீரை மர நிழலிலும் மூன்று குழு வெட்டையிலும் ஒரு மீற்றர் சதுரம் கட்டட்டும். சருகு எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பு, அடிமண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கிறதா என்று இரண்டு இடத்திலும் எழுதட்டும். நிழல் மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும். சருகைக் கையால் கிளற விடாதீர்கள், ஒரு முழக் கம்பு கொடுங்கள். தேளும் பாம்பும் அதற்குள்தான் படுத்திருக்கும்.

பெரும்பாலும் பிழைப்பது எங்கே தெரியுமா? மரத்தின் பெயரை முதலே சொல்லிவிடுவதில். பெயர் கொப்பியில் ஏறியதும் பிள்ளை அந்த மரத்தைப் பார்ப்பதை விட்டுவிடும். பட்டையைத் தடவி, இலையை வரைந்த பிறகு 'சவண்டலை' என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு நம் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மரத்தடிப் பொடிமணலில் குழியானை என்னும் பூச்சிக் குடம்பியின் குழி கிடைத்தால் மற்றதெல்லாம் பிறகு. கூம்பைத் தலைகீழாய்க் குத்தி எடுத்த மாதிரி இருக்கும். மணல் சரியாமல் நிற்கக்கூடிய கடைசிச் சாய்வு அது. அதனால்தான் எறும்பு கால் வைத்ததும் பொலபொலவென்று சரிகிறது. அடியில் புதைந்திருக்கும் குடம்பி தலையால் மணலை எற்றி எற்றி எறும்பை விழுத்தும். வளர்ந்தால் தும்பியைப் போலச் சிறகு வரும். புல்நுனியால் விளிம்பைத் தொட்டுப் பார்க்கலாம், எறும்பைப் பிடித்துப் போட விடாதீர்கள். மாரி மழையில் மணல் ஒட்டிக்கொள்வதால் நனையும் இடங்களில் இந்தக் குழிகள் நிற்காது. தை பிந்தி அதே சதுரங்களுக்குத் திரும்பிப் போனால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது பயணம் இல்லாவிட்டால் பாதிப் பாடம்தான்.

காலை ஏழுக்குத் தொடங்கிப் பத்துக்குள் வெளியே வாருங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது வேண்டும். புதிய யானை இலத்தியைக் கண்டால் அந்த இடத்திலிருந்தே திரும்புங்கள். வரட்சியில் உண்ணி அதிகம், நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகச் சொல்லுங்கள். கடித்தால் எண்ணெய் பூசுவதும் சுடுவதும் கூடாது. சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

ஒதுக்கக்காடு என்றால் வனபரிபாலனத் திணைக்களம், சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். எந்தக் காடு என்று முடிவெடுத்த அன்றே எழுத்தில் அனுமதி கேளுங்கள், கூட வர ஓர் உத்தியோகத்தரையும் கேளுங்கள்.