அண்டி ஆபீசில் முக்கால்வாசிப் பேர் முறைசார் தொழிலாளர் என்று கணக்கு வந்தால்

மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) நீங்கள் கணக்கெடுத்ததில் முக்கால்வாசிப் பேர் முறைசார் தொழிலாளர், அதாவது வேலைக்குப் பாதுகாப்பு உள்ளவர்கள் என்று வருகிறது, நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் சரிதான். நீங்கள் அளந்தது ஆலையை. அளக்க வேண்டியது வேலையை. ஆலைக்குப் பதிவு இருந்தால் உள்ளே தோல் உரிப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஆகாது. 2003-இல் பன்னாட்டுத் தொழில் புள்ளியியலாளர் மாநாடு முறைசாரா வேலைக்குத் தனி இலக்கணம் வகுத்தது இதற்காகத்தான்.

"வேலை நிரந்தரமா?" என்று கேட்காதீர்கள். இருபது வருஷமாகப் போகிறவர் ஆமாம் என்றுதான் சொல்வார். ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். மாதிரி பிரித்துக் கேளுங்கள்: எழுத்து ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு லீவு உண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா. பி.எஃப். என்றால் கடைசியாகப் பணம் ஏறிய மாதத்தையும் குறியுங்கள். பேர் மட்டும் இருந்து பணம் ஏறாமலும் கிடக்கும்.

வீட்டில் முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கும் பெண்கள் "சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். "போன 7 நாளில் ஒரு மணி நேரமாவது கூலிக்கு உரிச்சீங்களா, எத்தனை கிலோ?" என்று கேட்டால் பதில் மாறும். ரப்பர் பால்வெட்டுக்கு இந்த 7 நாள் கணக்கு ஆகாது, அடைமழையில் கேட்டால் எல்லாரும் வேலையில்லாதவர்களாகத் தெரிவார்கள். அங்கே வருஷக் கணக்கு எடுங்கள்: வருஷத்தில் கூடுதல் நாள் செய்த முதன்மை வேலை, அதோடு 30 நாளுக்குக் குறையாத துணை வேலை.