கேரியோடைப் நார்மல் என்றால் விஷயம் முடிந்துவிடவில்லை

தம்பிக்கு மனச்சிதைவு, சிறுவயதில் அண்ணப்பிளவு ஆபரேஷன், இப்போது ரத்தத்தில் கால்சியம் குறைவு. கேரியோடைப் (குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) நார்மல், அதனால் மரபணுக் கோளாறு இல்லை என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அது அவசர முடிவு. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 22க்யூ11.2 நீக்கம், அதாவது 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போவது. அதில் விடுபடுவது பெரும்பாலும் 30 லட்சம் பேஸ் ஜோடிகள்தான் (டிஎன்ஏவின் எழுத்துகள்). கேரியோடைப்பில் 50 லட்சத்துக்குக் கீழே இருப்பது பொதுவாகத் தெரியாது. இவ்வளவு சிறிய விடுபடலையும் காட்டும் குரோமோசோம் மைக்ரோஅரே சோதனையைக் கேளுங்கள். செலவு இடித்தால், குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கும் எம்எல்பிஏ சோதனை போதும். இந்த நீக்கம் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. (அம்மா அப்பாவைக் குடைய வேண்டாம், பத்தில் ஒன்பது பேருக்கு இது புதிதாக உண்டாவதுதான்.)

ரிசல்ட் வருவதற்குள் கால்சியம், மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது) மூன்றையும் பார்த்துவிடுங்கள். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்தைத் தொடங்கும் யோசனை இருந்தால் இது கட்டாயம்: அந்த மருந்தே வலிப்பைத் தூண்டக்கூடியது, கால்சியமும் இறங்கியிருந்தால் ஆபத்து கூடும்.