வீட்டுக்குள் எங்கே நடந்தாலும் போன் தானாகச் சார்ஜ் ஆகும் காலம் வருமா?

இதைக் கேட்கும் நீங்களும் இன்ஜினியரிங் கடைசி வருடம் என்று நினைக்கிறேன். ப்ராஜெக்ட் தலைப்பு தேடும்போதுதான் எனக்கும் இந்தக் கேள்வி வந்தது.

காற்று வழியாக வருவது கஷ்டம். தரை வழியாக வரும்: தரைக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளின் காந்தப்புலம், மேலே இருக்கும் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும்.

ரேடியோ அலையை எல்லாத் திசையிலும் அனுப்பினால், 5 மீட்டர் தள்ளியிருக்கும் போன் மேல் விழுவது கிட்டத்தட்ட 30,000-இல் ஒரு பங்கு. போனுக்கு 5 வாட் கிடைக்க 150 கிலோவாட் அனுப்ப வேண்டும். அந்த அறையில் மனிதர் இருக்க முடியாது. கற்றையாகக் குறிவைத்து அனுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். அனுப்பலாம், ஆனால் குறுக்கே குழந்தை ஓடினால் உடனே நிறுத்தியாக வேண்டும். 2007-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கம்பிச் சுருள்களை வைத்து 2 மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரித்ததும் உண்மைதான். ஆனால் அந்தச் சுருளின் அகலமே 60 செ.மீ.; போனுக்குள் அடங்காது.

நாங்கள் நான்கு பேர் தரையைப் பிடித்துக்கொண்டோம். 4 இன்ச் பிவிசி பைப்பில் எனாமல் செம்புக் கம்பியைச் சுற்றி, பிளைவுட் பலகைக்கு அடியில் வரிசையாக ஒட்டினோம். மேலே பேட்டரி இல்லாத பொம்மைக் கார். ஒரு சுருளுக்கு நேர் மேலே ஓடும், இரண்டு சுருள் சேரும் இடத்தில் நின்றுவிடும். சுருளுக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட், சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது, ஏழு புகைந்தன. அப்புறம் சுருள்களைப் பாதிக்குப் பாதி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி இன்னொரு அடுக்கு வைத்தோம். இரவு ஒரு மணிக்குக் கார் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற்காமல் போனது. பலகையிலிருந்து ஒரு சாண் தூக்கினால் எல்இடிகூட எரியாது, அது வேறு விஷயம்.

தென்கொரியாவின் குமி நகரத்தில் 2013-இல் பேருந்தையே இப்படி ஓட்டினார்கள். 24 கி.மீ. வழித்தடம், அதில் சில இடங்களில் மட்டும் சாலைக்கு அடியில் சுருள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எங்கள் சுருள் அடுக்கைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. "பலகைக்கு ஏன் பெயின்ட் அடிக்கவில்லை?" என்றுதான் கேட்டார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவந்த குழுவுக்கு எங்களைவிட அதிக மார்க். எல்லாக் கல்லூரியும் அப்படி என்று சொல்லவில்லை. எங்களுக்கு நடந்தது இது. அந்தப் பலகை இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.