பென் டிரைவில் போன சூழல்

அன்புள்ள ஐயா,

நான் மூதூரைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவன். உபுண்டு 24.04 இயங்குதளத்தில் பைதான் நிரல்மொழி பழகுகிறேன். பைதானுக்கான ‘பிப்’ என்ற நிறுவற்கருவி மூலம் பொதிகளை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை) நிறுவ முயன்றபோது அது மறுத்துவிட்டது. ஒரு காணொளியில் கூறியபடி ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற தெரிவைச் சேர்த்து நிறுவிவிட்டேன். பிறகு ஒரு செயற்றிட்டத்துக்கு, அதன் பொதிகளைத் தனியே வைத்திருக்கும் மெய்நிகர் சூழல் அமைத்து, அந்தக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நண்பனுக்குக் கொடுத்தேன். அவனுடைய கணினியில் ஓடவில்லை. ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் தனிச்சூழல் என்றால் டேட்டாவும் இடமும் வீணாகாதா? சூழல் அமைக்கும் கருவிகளான வென்வ், கொண்டா, யூவி ஆகியவற்றில் எதைப் பழகுவது நல்லது?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமையில் நான் என் பழைய கோப்புறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். பல சூழல்களை யோசிக்காமல் அழித்தேன். ஒன்றை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. அதனுள் என்னென்ன பொதிகள், எந்தெந்தப் பதிப்புகளில் இருக்கின்றன என்பதை நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த நினைப்போடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எந்தக் கருவி என்பது பெரிய கேள்வியல்ல. வென்வ் போதும், 2012 இல் வெளிவந்த பைதான் 3.3 முதல் அது பைதானுடனேயே வருகிறது. உபுண்டுவில் மட்டும் அதற்குரிய பொதியை ஒருமுறை தனியாக நிறுவ வேண்டும். மற்ற இரண்டையும் தேவை வரும்போது பழகலாம். டேட்டாவைப் பற்றிய உங்கள் கவலையை நான் அலட்சியம் செய்யமாட்டேன், காசை எண்ணி எண்ணி ரீலோட் செய்த காலம் எனக்கும் உண்டு. ஆனால் பிப் ஒருமுறை இறக்கிய பொதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதே பதிப்பை அடுத்த சூழலில் நிறுவும்போது பெரும்பாலும் மீண்டும் இறக்குவதில்லை.

அந்தக் காணொளியின் பேச்சைக் கேட்டீர்களே, அதற்கு உங்களைக் கண்டிக்காமல் இருக்க முடியாது. உடைப்பேன் என்று தன் பெயரிலேயே சொல்லும் தெரிவை எப்படித் துணிந்து தட்டச்சு செய்தீர்கள்? உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானை நம்பித்தான் இயங்குகின்றன. அவற்றைக் காப்பதற்காகத்தான் பிப் மறுத்தது. மறுப்புச் செய்தியிலேயே மெய்நிகர் சூழலை அமைக்கும் வழியும் எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்திருந்தால் காணொளியே தேவைப்பட்டிராது.

பென் டிரைவுக்கு வருகிறேன். அந்தச் சூழலின் ‘பின்’ கோப்புறையில் ‘பிப்’ என்ற சிறிய கோப்பு இருக்கும். அதை உரைத்தொகுப்பியில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உங்கள் பயனர் பெயரோடு, உங்கள் கணினியில் அந்தச் சூழல் இருக்கும் இடத்தின் முழுப்பாதையும் அங்கே எழுதப்பட்டிருக்கும். நண்பனின் கணினியில் அந்தப் பாதை இல்லை. உங்கள் கணினிக்குள்ளேயே கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் இதே கதிதான். சூழல் என்பது தூக்கிக்கொண்டு போவதற்கு உரியதல்ல; வேண்டிய இடத்தில் புதிதாக அமைப்பதற்கும் வேலை முடிந்ததும் அழிப்பதற்கும் உரியது. கொடுத்தனுப்ப வேண்டியது உங்கள் நிரலும் பொதிகளின் பட்டியலும் மட்டுமே.

இதை நான் கற்றுக்கொண்டது 2023 இல். திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்துக்கு, சூரை, பாரை என்று வகை பிரித்து ஒவ்வொருவரின் பிடியையும் கூட்டி, வெள்ளிக்கிழமைகளில் கொடுப்பனவுத் துண்டு அச்சிடும் நிரலொன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். தனிச்சூழல் இல்லை, பட்டியலும் இல்லை. வேறொரு வேலைக்காக அதே கணினியில், அந்த நிரல் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற அட்டவணைப் பொதியை 2.0 க்கு உயர்த்தினேன். அட்டவணையில் வரிகளைச் சேர்க்கும் ‘அப்பெண்ட்’ அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது, 1.4 இலிருந்தே அது எச்சரித்துக்கொண்டிருந்தும் நான் பொருட்படுத்தவில்லை. வெள்ளி மாலை நிரல் நின்றுவிட்டது. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், “தம்பி, போன கிழமை நல்லாத்தானே ஓடினது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபமே இல்லை. அதனால்தான் இன்னமும் மறக்க முடியவில்லை. முன்பு இருந்தது எந்தப் பதிப்பு என்று தெரியாமல், ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்து, இரவு பத்து மணிக்கு 1.5.3 இல் நிரல் மீண்டும் ஓடியது. பெரியவர் அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டியலில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆகவே, ஒவ்வொரு பொதியையும் நிறுவியவுடன், சூழல் இயங்கும் நிலையிலேயே ‘பிப் ஃபிரீஸ்’ கொடுத்து, வெளிவருவதை ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ கோப்பில் சேமியுங்கள். பொதியின் பெயர் மட்டும் போதாது, இரட்டைச் சமக்குறிக்குப் பின் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். பைதானின் பதிப்பை அது எழுதாது. அதை நீங்களே குறித்து வையுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியைப் பயன்படுத்தினால், அதில் இந்தக் கோப்பைச் சேருங்கள், சூழல் கோப்புறையை விலக்குங்கள்.

இன்றிரவு உங்கள் செயற்றிட்டத்தின் பட்டியலை எடுத்துவிட்டு, அந்தச் சூழலை அழித்து, பட்டியலிலிருந்து மீண்டும் அமைத்துப் பாருங்கள். ஓடினால், அதே பட்டியலையும் நிரலையும் நண்பனுக்கு அனுப்புங்கள். அவனிடம் ஓடியதா என்று எனக்கு எழுதுங்கள்.